சீட்டுக்கு மதிப்பு வந்தது எப்படி?

மாணவ நண்பர்களே, சீட்டுக்கட்டு என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலேயே அது இருக்கிறது. 52 சீட்டுகள் கொண்ட கட்டிலிருந்து ஒன்றை உருவினால் அது ராஜாவாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன என்று கேட்கிறார்கள். 4/52 என்று எழுதினால் மதிப்பெண்ணும் தருகிறார்கள். அந்தக் கணக்கை இன்னும் நாலு அடி நீட்டிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. ஆடக் கற்றுக்கொடுப்பது அல்ல.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஊர்களில், வயல் வேலை ஓய்ந்த நாட்களில், புளியமரத்தடியிலோ மோட்டார் அறைத் திண்ணையிலோ நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து சீட்டுப் போடுவதைக் கண்டிருப்பீர்கள். அங்கே எழும் சச்சரவுகளைக் காது கொடுத்துக் கேட்டால் ஒன்று விளங்கும். பாதிச் சண்டை பணத்தைப் பற்றியதாக இராது. சொல்லின் பொருளைப் பற்றியதாக இருக்கும். ஒருவர் ராஜா, ஏஸ், 2 என்று மூன்று சீட்டுகளை விரித்து "வரிசை" என்பார். எதிரே இருப்பவர், "ராஜாவுக்கு மேலே ஏஸோடு சரி, அப்புறம் ஏது 2? இது எந்த ஊர் வரிசை?" என்பார். இருவரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். 'வரிசை' என்பதற்கு இருவரும் இரு வேறு வரையறைகளை மனத்தில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் ஆட்டத்தின் பெயரிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நம் பக்கத்தில் 'மூணு சீட்டு' என்றால் திருவிழாக் கூட்டத்தில் மூன்று சீட்டுகளைக் குப்புறப் போட்டு, கையை விரைவாக மாற்றி மாற்றி, "ராணி எங்கே?" என்று கேட்டுப் பணம் பறிக்கும் வித்தையையும் குறிக்கும். அது ஆட்டமே அல்ல, கண்கட்டு மோசடி. நாம் பேசப்போவது ஒவ்வொருவருக்கும் மூன்று சீட்டு கொடுத்து, யார் கை உயர்ந்தது என்று பார்க்கும் ஆட்டம். இதற்கு ஃபிளஷ் என்றும், வடக்கே தீன் பத்தி என்றும் பெயர். இங்கிலாந்தில் பிராக் என்ற பெயரில் இதற்கு உறவுக்கார ஆட்டம் உண்டு. ஐந்து சீட்டு கொண்ட போக்கர் இதற்கு அண்ணன் முறை.

ஆட்டக்காரர்கள் தம் கையில் உள்ள மூன்று சீட்டுகளின் கூட்டத்தையும் 'கை' என்றே சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்வோம். ஸ்பேடு, ஹார்ட்டு, டைமண்டு, கிளாவர் என்ற நான்கையும் 'இனம்' என்போம். கைகள் ஆறு தரப்படும். மூன்றும் ஒரே மதிப்புடையவை (மூன்று ராஜா, மூன்று 7) என்றால் ட்ரெயில். மூன்றும் அடுத்தடுத்த மதிப்புகளாகவும் ஒரே இனமாகவும் இருந்தால் சுத்த வரிசை. அடுத்தடுத்து இருந்து இனம் கலந்திருந்தால் வெறும் வரிசை. ஒரே இனமாக இருந்து அடுத்தடுத்து இல்லையென்றால் கலர். இரண்டு மட்டும் ஒரே மதிப்பு என்றால் ஜோடி. இவற்றில் எதுவுமே இல்லையென்றால் வெறுங்கை.

இந்த வரையறைகளில் 'மட்டும்', 'இல்லையென்றால்' என்ற சொற்களைக் கவனித்தீர்களா? அவற்றை எடுத்துவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். மூன்று ராஜாக்கள் உள்ள கையில் ஜோடி உண்டா, இல்லையா? உண்டு என்றுதான் சொல்லவேண்டும்; ஒன்றல்ல, மூன்று ஜோடிகள் இருக்கின்றன! அதைப்போலவே சுத்த வரிசை ஒவ்வொன்றும் கலரும் ஆகும், வரிசையும் ஆகும். ஒரு கைக்கு ஒரு பெயர்தான், அதுவும் அதற்குப் பொருந்துகிறவற்றில் உயர்ந்த பெயர்தான் என்று விதி சொன்னால்தான் கணக்குப் போடவே முடியும்.

சரி, எந்தத் தரம் உயர்ந்தது என்பதை யார் முடிவு செய்வது? அரிதானது உயர்ந்தது, அடிக்கடி வருவது தாழ்ந்தது என்பதே நியாயமான விதி. ஆகவே எண்ணிப் பார்க்கவேண்டும்.

முதலில் மொத்தம் எத்தனை கைகள்? முதல் சீட்டு 52 விதமாக வரலாம், அது போனபின் அடுத்தது 51, அதற்கடுத்தது 50. பெருக்கினால் 1,32,600. ஆனால் இதில் ஒரு மிகை இருக்கிறது. நம் ஊர்ப் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள் (2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அதே திண்டுக்கல் பூட்டுதான்). அதன் சாவியில் 2, 5, 7 என்ற ஆழங்களில் மூன்று வெட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றையே 7, 5, 2 என்று வெட்டினால் அது வேறு சாவி, பூட்டு திறக்காது. சாவிக்கு முன்பின் முக்கியம். சீட்டுக் கைக்கு அப்படியில்லை. 2, 5, 7 என்று வந்தாலும் 7, 2, 5 என்று வந்தாலும் ஒரே கைதான். மூன்று சீட்டுகளை 6 விதமாக முன்பின் மாற்றலாம் என்பதால் 6 ஆல் வகுக்கவேண்டும். 1,32,600 ÷ 6 = 22,100. இந்த இரண்டாவது வகை எண்ணிக்கைக்குச் சேர்மானம் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் இதற்குப் பொது விதி எழுதிவைத்திருக்கிறார்.

ட்ரெயில் எளிது. 13 மதிப்புகள், ஒவ்வொன்றிலும் உள்ள நான்கு சீட்டுகளில் ஒன்றை விலக்கினால் ஒரு ட்ரெயில். 13 × 4 = 52.

ஜோடியில்தான் பலர் இடறுவார்கள். ஒரு மதிப்பில் 4 சீட்டுகள். அவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 6 வழிகள். 13 மதிப்புகளுக்கு 78 ஜோடிகள். மூன்றாவது சீட்டு மீதமுள்ள 50-ல் எதுவும் ஆகலாம்; ஆகவே 78 × 50 = 3,900 என்று எழுதிவிடுவார்கள். பார்வைக்குக் குற்றமில்லை. ஆனால் அந்த 50-ல் அதே மதிப்புள்ள 2 சீட்டுகளும் இருக்கின்றன. அவை வந்தால் கை ட்ரெயில் ஆகிவிடும். அவற்றை விலக்கி 78 × 48 = 3,744 என்பதே சரி. இரண்டு விடைகளுக்கும் உள்ள வேறுபாடு 156. அது 52-ன் மும்மடங்கு என்பதைப் பாருங்கள். ஒவ்வொரு ட்ரெயிலிலும் மூன்று ஜோடிகள் ஒளிந்திருக்கின்றன என்றோமே, அவை அத்தனையும் இங்கே திருட்டுத்தனமாக நுழைந்துவிட்டன! பரீட்சையில் 'சரியாக இரண்டு', 'குறைந்தது இரண்டு' என்ற சொற்களைப் படிக்காமல் தாண்டுகிறவர்கள் இந்த 156-ஐ நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி வரிசை. இங்கே ஏஸ் எங்கே உட்காரும் என்று முடிவு செய்தாகவேண்டும். பரவலான வழக்கப்படி அது 2-க்குக் கீழேயும் உட்காரும், ராஜாவுக்கு மேலேயும் உட்காரும். ஆனால் ராஜா, ஏஸ், 2 என்று வளைந்து போகக்கூடாது. அப்படியானால் ஏஸ்-2-3 முதல் ராணி-ராஜா-ஏஸ் வரை 12 வரிசைகள். ஒவ்வொன்றிலும் மூன்று சீட்டுகளுக்கும் தலா 4 இனங்கள் என்பதால் 4 × 4 × 4 = 64. மொத்தம் 768. இதில் 12 × 4 = 48 சுத்த வரிசைகள். மீதி 720 வெறும் வரிசைகள். கலருக்கு ஓர் இனத்தின் 13 சீட்டுகளில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 286 வழிகள். நான்கு இனங்களுக்கு 1,144. சுத்த வரிசைகளைக் கழித்தால் 1,096. எஞ்சிய 16,440 கைகள் வெறுங்கைகள். நூற்றுக்கு எழுபத்துநான்கு முறை ஒன்றுமில்லாத கைதான் வரும் என்பதை இது காட்டுகிறது.

இப்போது எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ட்ரெயில் 52, சுத்த வரிசை 48, வரிசை 720, கலர் 1,096, ஜோடி 3,744. ஏதாவது உறுத்துகிறதா? தீன் பத்தியிலும் பிராக்கிலும் ட்ரெயிலுக்குத்தான் முதலிடம். ஆனால் சுத்த வரிசையே அதைவிட அரிது! தலைமுறை தலைமுறையாக ஆடிவந்தும் இந்த நான்கு கை வேறுபாடு யார் கண்ணிலும் படவில்லை. பட்டிருந்தாலும் வழக்கம் வென்றுவிட்டது. 1990-களில் சூதாட்ட விடுதிகளுக்காக உருவாக்கப்பட்ட மூன்று சீட்டுப் போக்கரில் சுத்த வரிசையை மேலே தூக்கி வைத்துவிட்டார்கள். விடுதி நடத்துகிறவர்களுக்குக் கணக்கு முக்கியம் அல்லவா?

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கும் ஒரு நடை போய் வருவோம். அங்கும் வழக்கு வரையறையைப் பற்றியதுதான். எது திறமை ஆட்டம், எது அதிர்ஷ்ட ஆட்டம்? ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்யநாராயணா என்பவருக்கும் நடந்த, 1968-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற வழக்கில், உச்ச நீதிமன்றம் இவ்வாறு பிரித்தது: ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டியிருப்பதால் அதில் திறமை மேலோங்கியது, ஃபிளஷ், பிராக் என்றெல்லாம் வழங்கும் மூன்று சீட்டு ஆட்டமோ முழுக்க அதிர்ஷ்டம். தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்தப் பட்டியலை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, இணையத்தில் பணம் கட்டி ஆடுவதையே தடைசெய்தது. வரையறையில் அகப்பட்டுக்கொண்டால் வரையறையையே மாற்றிவிடுவதும் ஒரு வழி.

எத்தனையோ குடும்பங்கள் இத்தகைய ஆட்டங்களில் கடனாளியானதால்தான் இந்தச் சட்டங்கள் வந்தன. அந்தக் கடனுக்குப் பின்னால் இருக்கும் ஒரு தவறான நினைப்பை மட்டும் இங்கே எண்ணால் சோதித்துவிடலாம். 22,100-ல் 52 என்றால் 425-க்கு ஒன்று. "இவ்வளவு நேரம் வரவில்லை, இனிமேல் ட்ரெயில் வந்துதான் தீரவேண்டும்" என்று ஆடுகிறவர் சொல்வார். கட்டுக்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு முறை கலைக்கும்போதும் ட்ரெயில் வராமல் போகும் வாய்ப்பு 424/425. இதை 425 முறை பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 0.37 வரும். அதாவது 425 ஆட்டம் முழுதும் ஆடி முடித்தபின்னும், நூற்றுக்கு 37 பேர் ஒரு ட்ரெயிலைக்கூடக் கண்ணால் கண்டிருக்கமாட்டார்கள்.

சரி, புளியமரத்தடிச் சண்டைக்குத் திரும்புவோம். போக்கர் விதிகளைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். மூன்று சீட்டில் வரிசை பெரிது, கலர் சிறிது. ஐந்து சீட்டில் கலர் பெரிது, வரிசை சிறிது. யாராவது மாற்றி அச்சடித்துவிட்டார்களா? இல்லை. ஐந்து சீட்டுக் கைகள் மொத்தம் 25,98,960. அவற்றில் ஐந்தும் அடுத்தடுத்த மதிப்பாக உள்ள வெறும் வரிசைகள் 10,200. கலர்கள் 5,108 மட்டுமே. கூடுதலாக ஒரு சீட்டு கேட்கும்போதெல்லாம் வரிசைக்கு வழிகள் நாலு மடங்காகும் (64, 256, 1,024). ஏனெனில் புதிதாக வரும் சீட்டு நான்கு இனங்களில் எதுவாகவும் இருக்கலாம். கலருக்கோ ஓர் இனத்திற்குள்ளேயே தேடவேண்டும். 286, 715, 1,287 என்று மெதுவாகத்தான் ஏறும். ஆகவே வரிசை ஓடிப்போய்க் கலரைத் தாண்டிவிடுகிறது.

அப்படியானால் நடுவிலுள்ள நான்கு சீட்டில்? இதுதான் சுவையான இடம். கலர் 4 × 715 = 2,860. வரிசைகள், ஏஸ் இரு முனையிலும் உட்காரலாம் என்றால், 11 × 256 = 2,816. இரண்டுக்கும் பொதுவான 44 சுத்த வரிசைகளைக் கழித்தால் கலர் 2,816, வரிசை 2,772. மயிரிழையில் வரிசை அரிது! இப்போது ராஜா-ஏஸ்-2 என்று வளைந்து போகலாம் என்று விதியை மாற்றுங்கள். வரிசைகள் 11-லிருந்து 13 ஆகும்; 13 × 256 = 3,328; பொதுவான 52-ஐக் கழித்தால் வரிசை 3,276, கலர் 2,808. தரவரிசையே தலைகீழாகிவிட்டது. ஆக, "இது எந்த ஊர் வரிசை?" என்று கேட்டவர் வீண் வம்புக்கு நிற்கவில்லை. ஒரே ஒரு சீட்டுக்கு இடம் சொல்லும் விதி, எந்தக் கை வெல்லும் என்பதையே மாற்றக்கூடியது.

வரையறையைத் துல்லியமாக எழுதிவிட்டால் எல்லாச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறதா? கட்டோடு வரும் ஜோக்கர்களை மறந்துவிட்டோம். ஜோக்கர் எந்தச் சீட்டாகவும் நடிக்கலாம் என்று வைத்துக்கொண்டு, மூன்று சீட்டு ஆட்டத்தில் இரண்டு ஜோக்கர்களைச் சேர்ப்போம். கட்டில் 54 சீட்டுகள். ஏஸ் பழையபடியே, வளைவு கிடையாது.

ட்ரெயில்களை எண்ணுவோம். ஜோக்கர் இல்லாதவை 52. ஒரு ஜோக்கரும் ஒரு ஜோடியும் சேர்ந்தவை 2 × 78 = 156. இரண்டு ஜோக்கரும் ஏதாவது ஒரு சீட்டும் சேர்ந்தவை 52. இவை எந்தத் தரமாகவும் ஆகலாம், ட்ரெயில் உயர்ந்தது என்பதால் ட்ரெயில் என்றே ஆட்டக்காரர் சொல்வார். மொத்தம் 260.

சுத்த வரிசை: ஜோக்கர் இல்லாதவை 48. ஒரு ஜோக்கர் இருந்தால் மற்ற இரு சீட்டுகளும் ஒரே இனமாக, ஒன்றுக்கொன்று அடுத்தோ ஓர் இடம் விட்டோ இருக்கவேண்டும். 5-6 போல அடுத்தடுத்தவை 13, 5-7 போல இடம் விட்டவை 12, ஆக 25. நான்கு இனங்களுக்கு 100. இரண்டு ஜோக்கர்களுக்கு 200. மொத்தம் 248.

ட்ரெயில் 260, சுத்த வரிசை 248. அரிதானது உயர்ந்தது என்பது நம் விதி. ஆகவே சுத்த வரிசையை மேலே ஏற்றுவோம். ஏற்றியாயிற்று. ஆனால் இனி இரண்டு ஜோக்கர் வைத்திருப்பவர் ட்ரெயில் என்று சொல்வாரா? மாட்டார், உயர்ந்தது சுத்த வரிசை என்பதால் அதையே சொல்வார். அந்த 52 கைகளும் இங்கிருந்து அங்கே தாவும். ட்ரெயில் 208 ஆகக் குறையும், சுத்த வரிசை 300 ஆக ஏறும். இப்போது ட்ரெயில் அரிது! சரி, அதை மேலே ஏற்றினால் 52 கைகளும் திரும்பவும் தாவி வந்துவிடும். எதை மேலே வைத்தாலும் அது தவறாகிவிடுகிறது. இரண்டு ஜோக்கர் போட்ட இந்த ஆட்டத்துக்கு நியாயமான தரவரிசை என்று ஒன்று இருக்கவே முடியாது. போக்கரில் இதைப்போன்ற புதிர் எழுவதைப் பற்றி 1996-ல் அமெரிக்கக் கணித இதழ்களில் கட்டுரைகள் வந்தன. ஜோக்கர் ஒன்றே என்றால் இந்தச் சங்கடம் இல்லை என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள்: ட்ரெயில் 130, சுத்த வரிசை 148, பழைய வழக்கமே அப்போது சரியாகிவிடுகிறது.

இயற்பியல்காரனுக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். 'எவற்றை ஒன்று என்று எண்ணுவது' என்ற இதே கேள்வியில்தான் எங்கள் பாடத்தின் ஒரு பெரிய திருப்பமே நிகழ்ந்தது. இரண்டு நாணயங்களைச் சுண்டினால் பூ-பூ, பூ-தலை, தலை-பூ, தலை-தலை என நான்கு விளைவுகள். ஒளித்துகள்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடியாதவை. ஆகவே நடுவிலுள்ள இரண்டையும் ஒன்றாகவே எண்ணவேண்டும், விளைவுகள் மூன்றுதான் என்பது போன்ற எண்ணுமுறையை 1924-ல் டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்த சத்யேந்திரநாத் போஸ் கையாண்டு, கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். எண்ணும் முறையை மாற்றியதால் ஒளியின் விதி ஒழுங்காகக் கிடைத்தது. அந்தக் கதையை விரித்துச் சொல்லத் தனிக் கட்டுரை வேண்டும்.

பென்சிலைக் கீழே வைப்பதற்குமுன் ஒரு கணக்கு. ராஜா-ஏஸ்-2 என்று வளைந்து போவதையும் வரிசை என்று ஏற்றுக்கொண்டு, இரண்டு ஜோக்கர்களுடன், ட்ரெயிலை மேலே வைத்து மறுபடியும் எண்ணிப் பாருங்கள். ட்ரெயில்கள் எத்தனை? சுத்த வரிசைகள் எத்தனை? 25 என்று மேலே கண்ட எண் இப்போது 26 ஆகும் என்பது மட்டும் குறிப்பு. இரண்டு விடைகளும் ஒரே எண்ணாக வந்தால் உங்கள் கணக்குச் சரி.